முப்பது பேருக்கு ஒரு விதை

அண்ணன் கோலாலம்பூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்த விதிப் புத்தகம், நாலைந்து பேர் குகைக்குள் போய்ச் சண்டை போடுவதற்காக எழுதப்பட்டது. யார் முதலில் வாளை உருவினார்கள், அடி பட்டதா, கவசம் தாங்கியதா என்பதற்கெல்லாம் அதில் விதி இருந்தது. இருநூறு பேர் மோதினால் என்ன செய்வது என்ற இடத்தில் மட்டும், வேறொரு புத்தகத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தது. அந்தப் புத்தகம் எங்கள் ஊரான கோலா குபு பாருவில் கிடைக்காது. கோலாலம்பூரிலும் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

ஆட்டத்தை நடத்துவது நான். கதையை நான் சொல்வேன். அண்ணனும் அத்தை மகளும் அதற்குள் ஆளுக்கொரு வீரராக இருந்து, தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது பக்கப் பகடை முடிவு செய்யவேண்டும். அதுவும் எங்களிடம் இல்லை. அத்தை மகள், கெர்லிங் ஊர்ப் பக்கம் தான் குடியிருந்த தோட்டத்தில் பொறுக்கி வந்த ரப்பர் விதைகளில் ஒன்று முதல் இருபது வரை வெள்ளைச் சாயத்தால் எழுதி, பால்மாவு டின்னில் போட்டுக் குலுக்கி எடுப்போம். பெரிய எண் நல்லது. எடுத்ததை எல்லாரும் பார்க்க பாயில் வைக்கவேண்டும். இது நான் போட்ட விதி.

அவளுடைய வீராங்கனை ஆற்றங்கரைக் கோட்டையின் தலைவி. பூதப்படை அந்தக் கோட்டைக்கு வரப்போகிறது என்று நான் பல வாரங்களாகச் சொல்லி வைத்திருந்தேன். பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அந்தப் போரை வைத்துக்கொண்டோம். அன்று அவளோடு அவள் அப்பா, எங்கள் மாமா, வந்திருந்தார். அவர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர். அவள் மூன்றாம் படிவத் தேர்வில் தேறியிருந்தாள்; நான்காம் படிவம் போக ஆசைப்பட்டாள். அத்தைக்கோ முதுகுவலி முற்றி, ரப்பர் பால் வெட்டப் போக முடியவில்லை. ரவாங்கில் ஒரு தொழிற்சாலை பெண்களை எடுத்துக்கொண்டிருந்தது. தோட்டத்து வாசலுக்கே பேருந்து வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும் என்று மாமாவிடம் சொல்லிப் பார்ப்பதாக அப்பா எங்களிடம் சொல்லியிருந்தார். அவர்கள் முன்னறையில் பேசினார்கள். நாங்கள் பின்னறையில் பாயில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

முதலில் புத்தகத்தில் உள்ளபடியே ஒவ்வொரு ஆளுக்கும் விதை எடுத்தேன். சோற்று வேளை வந்தபோது மேற்கு வாசலில் ஒரு சுற்றுகூட முடியவில்லை. அண்ணன் படுத்துவிட்டான். இப்படியே போனால் பொங்கலுக்குத்தான் முடியும் என்றான்.

வழி சொன்னது அவள். "தோட்டத்துல எப்படி? ஒரு மண்டோரு, முப்பது ஆளு. மண்டோருகிட்ட சொன்னா முப்பது பேருகிட்டயும் சொன்ன மாதிரிதான். அப்படிப் பிரிச்சிடு லா."

பிரித்தேன். முப்பது பேர் ஒரு கும்பல். கும்பலுக்கு ஒரு விதை. மூன்று முறை தோற்ற கும்பல் கலைந்துவிடும். அவளுக்கு நான்கு கும்பல்கள், பூதங்களுக்கு ஐந்து. பூதங்களை அண்ணன் நடத்துவான். அவனுடைய மந்திரவாதி மதில்மேல் நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றேன்.

"அவரு ஆபீஸ்ல ஒக்காந்து கணக்கு எழுதுற கிராணி இல்ல? கிராணி எப்ப காட்டுக்குள்ள எறங்கியிருக்காரு?" என்றாள் அவள்.

"பேசு, பேசு. கோட்டை இன்னிக்கு அபிஸ், முடிஞ்சுது மகாராணி" என்றான் அண்ணன்.

ஒரு சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஆட்டத்திலேயே பலசாலி அவளுடைய வீராங்கனைதான். குகைச் சண்டையில் அவளை யாரும் தொட முடியாது. ஆனால் புத்தகக் கணக்குப்படி அவளால் ஒரு சுற்றில் ஒரு பூதத்தை வெட்டலாம், மிஞ்சினால் இரண்டு. நூற்றைம்பது பூதங்களில் அது ஒரு கணக்கா? அவள் எந்தக் கும்பலோடு நிற்கிறாளோ அதன் எண்ணோடு மூன்று கூட்டிக்கொள்ளலாம் என்று அப்போதைக்கு ஒரு விதி செய்தேன். மற்றக் கும்பல்களுக்கு அவளால் எதுவும் செய்ய முடியாது என்பதையும் அதே விதியில் நான் எழுதிவிட்டேன் என்பது, விதைகள் வரத் தொடங்கியபின்தான் புரிந்தது.

மேற்கு வாசலில் அவள் நின்றாள்; அது தாங்கியது. ஆற்று வாசல் உடைந்தது. ஆற்று வாசலுக்கு ஓடினாள், மேற்கு போயிற்று. எங்கே போகிறாய் என்று ஒவ்வொரு சுற்றிலும் நான் கேட்க வேண்டியிருந்தது.

முன்னறையில் அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சாப்பாடு ஒரு செலவா, இரண்டே வருடம்தானே என்றார். மாமா பேசியது கேட்கவில்லை. பிறகு அப்பாவின் குரலும் தணிந்தது. எங்கள் அப்பா விட்டுக்கொடுக்கும்போதுதான் மெல்லப் பேசுவார். அது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கை டின்னுக்குள் அப்படியே இருந்தது.

"வடக்கு மலையிலேருந்து குதிரைப்படை வருது" என்றேன் நான்.

"ஏது குதிரை? போன வாரம் இல்லியே" என்றாள்.

"தூது அனுப்பியிருந்தாங்க. இப்பதான் வருது."

"வேணாம் லா" என்றாள். "நீயா கொண்டாந்து விட்டா, அப்புறம் நான் ஜெயிச்ச மாதிரியா இருக்கும்?"

குதிரைப்படையைத் திருப்பி அனுப்பினேன். அவள் எடுத்த விதையில் ஆறு இருந்தது; மூன்று கூட்டி ஒன்பது. அண்ணன் டின்னில் கையை விட்டு, எடுத்ததைப் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே போடப் போனான். அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"கீழ வைங்க மச்சான்."

வைத்தான். பதினேழு. கடைசிக் கும்பலும் கலைந்தது.

"நான் செத்துட்டேனா?" என்று கேட்டாள்.

கணக்கைப் பார்த்தேன். கும்பலோடு கும்பல் மோதியதில் தனியாக அவள்மேல் ஓர் அடிகூட விழுந்திருக்கவில்லை. "இல்ல. உனக்கு ஒன்னும் ஆகல. ஆளுங்கதான் இல்ல."

"அப்ப நான் இப்ப என்ன செய்றது?"

புத்தகத்தைப் புரட்டினேன். எதைத் தேடினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு மாமா வந்து நின்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றார். பாயில் கிடந்ததைப் பார்த்து யார் ஜெயித்தது என்று கேட்டார். அண்ணன் விதைகளை அள்ளி டின்னில் போடத் தொடங்கினான்.

"நாளைக்குக் காலையில ஃபேக்டரி வண்டி வருமாம், அம்மா" என்றார் மாமா, அவளைப் பார்க்காமல்.

"கேட்டுச்சுப்பா" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். அவர் அவளுக்கு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். பஸ்ஸில் முன்னால் உட்கார், வாந்தி வராது என்றார்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு மறுநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டாள். அவளுடைய வீராங்கனையைப் பற்றித்தான் கேட்டாள். நான் மாதக்கணக்காக யோசித்து ஒரு துறைமுக நகரத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன்: அதன் காவலாளி, சத்திரம், அவளுக்கு வேலை கொடுக்கப்போகும் கப்பல்காரி எல்லாம். சாப்பிட்டுவிட்டு வருகிறேன், தொடங்கலாம் என்றேன். நான் கை கழுவிவிட்டு வந்தபோது அவள் பாயிலேயே ஒருக்களித்துத் தூங்கியிருந்தாள். அவளுக்கு அந்த மாதம் இரவு ஷிப்ட். தோளைத் தொடப் போனேன்.

"எழுப்பாத" என்றான் அண்ணன். காற்றாடியை அவள் பக்கம் திருப்பி வைத்தான். மாமா வந்து அழைத்துப் போகும்வரை அவள் எழவில்லை.