பவனா ஏரிக்கரையில் காயப்போட்ட படம்

ஏரிக்கரையில் உட்கார்ந்து ஆயில் கலரில் படம் வரைய வேண்டும் என்று நினைக்கிற புனே தமிழர் எத்தனை பேர் இந்த வலைப்பூவைப் படிக்கிறீர்களோ தெரியாது. ஒருவர் இருந்தாலும் போதும், அவருக்காக எழுதுகிறேன். 2006 அக்டோபர் முதல் வாரத்தில் பவனா ஏரிக்கு ஒரு பயணம், நான்கு வாரம் கழித்து இன்னொரு பயணம். இரண்டுமே ஒரே படத்துக்காக.

நான் இருப்பது நிக்டியில். வேலை போசரியில், ஒரு உதிரிபாகப் பட்டறையின் தர சோதனைப் பிரிவில். எங்களுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. அன்றுதான் அந்த வட்டாரத்தில் மின்சாரம் இருக்காது. கல்யாணம், காதுகுத்து எதற்கும் உதவாத லீவு. ஆனால் ஏரிக்கரையில் அன்று ஈ காக்கை இருக்காது.

என் மகள் அபிக்கு ஒன்பது வயது, வீசிங் தொந்தரவு உண்டு. ஒருமுறை மோசமாக இழுத்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, என் சட்டையை முகர்ந்து, "இது என்ன வாடை?" என்று கேட்டார். டர்பன்டைன், ஆயில் கலரைக் கரைக்கும் எண்ணெய். எங்களுடையது ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீடு, நான் வரைவது ஹாலில். அன்றே கலர் பெட்டி பரணுக்குப் போனது. பதினான்கு மாதம் அங்கேயே கிடந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பொய்தான்.

ஒரு நாள் அபி தன் அம்மாவிடம், "என்னாலதான் அப்பா டிராயிங் பண்றதில்லையா?" என்று கேட்டிருக்கிறாள். என் மனைவி மாலதி அன்றிரவே இதை என்னிடம் சொன்னாள். மறுநாள் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியவள் அவளேதான். நிபந்தனையும் போட்டாள்.

"ஏனுங்க, வெளியில எங்க வேணா வரைஞ்சுக்கங்க. அந்த வாடை மட்டும் ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா, பெட்டி பங்கார்காரனுக்குத்தான்."

எங்கள் தெருவில் பழைய இரும்பு வாங்க வரும் பங்கார்காரனைச் சொல்கிறாள். கோயமுத்தூர்க்காரி, சொன்னால் செய்வாள்.

ஆயில் கலரில் ஒரு சிக்கல் இருக்கிறது. படத்தை மூன்று மணி நேரத்தில் போட்டுவிடலாம், அது காய மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். ஈரப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வேறு எங்கே வைப்பது? இதைப் பற்றி யோசிக்காமலே கிளம்பிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதிகாலை 5.50க்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். நிக்டியிலிருந்து பழைய மும்பை சாலையில் காம்ஷேத் வரை, அங்கே இடதுபக்கம் திரும்பி மலைப்பாதையில் பவனாநகர். என் ஸ்கூட்டர் மீட்டரில் 43 கிலோமீட்டர். பவனாநகர் தாண்டி ஏரியைச் சுற்றிப் போகிற பாதையில் இன்னும் 4. ஏழேகாலுக்குச் சேர்ந்தேன். ஏரி ததும்ப இருந்தது. எதிர்க்கரையில் திகோனா கோட்டை மலை, பெயருக்கேற்ற முக்கோணம்.

பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குல கேன்வாஸ் போர்டு, ஐந்தே கலர். வெள்ளையும் ஓக்கர் என்கிற மண் மஞ்சளும்தான் அதிகம் செலவாயின. மழை முடிந்த கையோடு அந்த மலைகளில் இருக்கும் பச்சை எந்த ட்யூபிலும் கிடையாது, கலந்துதான் பிடிக்க வேண்டும். எட்டு மணிக்கு மலையின் நிழல் தண்ணீரில் கத்தரித்து வைத்த மாதிரி விழுந்தது. ஒன்பதரைக்குக் காற்று வந்து அதைக் கலைத்துவிட்டது. ஆகவே தண்ணீரை முதலில் போடுங்கள், மலை எங்கும் போகாது. பதினான்கு மாதத்தில் கை துருப்பிடித்திருக்கும் என்று பயந்திருந்தேன். பத்தரைக்குத் தள்ளி நின்று பார்த்தபோது, வானம் மட்டுமாவது நன்றாக வந்திருந்தது. இளம் நீலம். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகுதான் படத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. பாதையோரம் டீ விற்கும் சுமன் தாயியிடம் கேட்டேன். தாயி என்றால் மராத்தியில் அக்கா. ஆனால் என்னைவிடச் சின்னவர்தான். கடைக்குப் பின்னால் அவர் வீடு. என் மராத்தி அரைகுறை. "இது ஈரம், காயும்வரை வைத்திருங்கள், யாரும் தொடக்கூடாது" என்பதை ஒருவாறு சொல்லிவிட்டேன். அவர் படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். டீ மூன்று ரூபாய், நன்றாக இருந்தது. துணியையும் பிரஷையும் பையில் கட்டி, சட்டையை மாற்றிக்கொண்டு வீடு திரும்பினேன். மாலதி வாசலிலேயே முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டாள்.

இரண்டாவது பயணம் அபியோடு, தீபாவளி பள்ளி விடுமுறையில் ஒரு வியாழன். மாலதிக்கு வேலை, வர முடியவில்லை. அபியின் தோள்பையில் இன்ஹேலரை வைத்து, ஜிப்பை மூடி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். ஸ்கூட்டர் தூசு வேண்டாமென்று இந்த முறை ரயில். ஆகுர்டியிலிருந்து லோக்கலில் காம்ஷேத், எனக்கு 7 ரூபாய், அபிக்கு 4, முக்கால் மணி நேரம். அங்கிருந்து டம்டம் எனப்படும் பங்கு ஆட்டோ, ஆளுக்கு 12 ரூபாய், 35 நிமிடம். மீதி 4 கிலோமீட்டருக்கு அதே டிரைவர் தனியாக 40 வாங்கிக்கொண்டு, காத்திருக்கவும் சம்மதித்தார்.

சுமன் தாயி எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய்ப் படத்தை எடுத்து வந்தார். வெளிச்சத்தில் பார்த்தேன். என் இளம் நீல வானம் பீடி குடித்தவன் பல் மாதிரி பழுப்பேறியிருந்தது.

"தாதா, ஈரம்னு சொன்னீங்களே," என்று அவர் மராத்தியில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்; தாதா என்றால் அண்ணன். "நீங்க போனப்புறமும் எட்டு நாள் மழை. எங்க வீட்டுல விறகடுப்புக்கு மேலே பரண்லதான் எல்லாம் காயும். விதைக்கு வெச்ச மக்காச்சோளத்தைக்கூட நகர்த்திட்டு, இதை வெச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பதற்கில்லை. யார் மேல் கோபப்படுவது? காயவைக்கச் சொன்னேன், எங்கே என்று சொல்லவில்லை. விதையை நகர்த்தி அவர் கொடுத்தது அந்த வீட்டிலேயே நல்ல இடம். என் முகத்தைப் பார்த்து அவர் முகமும் வாடிவிட்டது.

அபி எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி ஐந்தடி தள்ளி நின்றாள், வீட்டில் பழக்கியிருந்தபடி. "சூக்கிடுச்சாப்பா?" என்றாள். இந்தியும் தமிழும் கலந்து அவள் பேசுவது அப்படித்தான்; காய்ந்துவிட்டதா என்று கேட்கிறாள். விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. எண்ணெய் வாடையும் இல்லை, பழைய அடுப்புப் புகையின் வாசம் லேசாக. தலையாட்டினேன்.

கைக்குட்டையை எடுத்துவிட்டு, மெதுவாகக் கிட்டே வந்தாள். முகத்தைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். எனக்கு மூச்சு நின்றது, அவளுக்கு நிற்கவில்லை. வரைந்தபோது படத்தின் தண்ணீர்ப் பகுதியில் ஒட்டிக்கொண்ட ஒரு கொசுவின் இறக்கையைக் காட்டி, "இந்த போட் நல்லாருக்குப்பா. மாலை டைம் போட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்போது அது எனக்கும் மாலை வானமாகத்தான் தெரிந்தது. சுமன் தாயியைத் திரும்பிப் பார்த்து, "சாங்க்லே ஜாலே, தாயி" என்றேன். நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அவர் சிரித்த பிறகுதான் டீ குடித்தோம்.

திரும்பும்போது படத்தை அபி மடியில் வைத்துக்கொண்டாள், என்னிடம் தரவில்லை. டம்டம் டிரைவர் எட்டிப் பார்த்து இந்தியில், "அரே, நம்ம திகோனா! எங்கே வாங்கினீங்க?" என்றார்.

"வாங்கலே. மேரே அப்பா நே பனாயா," என்றாள் அபி. என் அப்பா போட்டது. டிரைவருக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறையும், சத்தமாக.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை நல்ல நேரம், ஏழு மணிக்குள் கரையில் இருங்கள். டர்பன்டைனை ஏரியில் கொட்டாதீர்கள், பாட்டிலில் திரும்பக் கொண்டுவாருங்கள். குடை கட்டாயம். ஈரப் படத்தை யாரிடமாவது விட்டுவந்தால், எங்கே வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்ல மறந்தாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. எங்கள் வீட்டில் அந்தப் படம் இப்போது அபியின் படிக்கிற மேசைக்கு மேலே தொங்குகிறது.

குழந்தைக்கு வீசிங் இருந்தால் இன்ஹேலர் இல்லாமல் கிளம்பாதீர்கள். நாங்களும் எடுத்துப்போனோம். மாலதி காலையில் மூடிய அந்த ஜிப்பை, சாயங்காலம் வீட்டில் மாலதிதான் திறந்தாள்.