இணைப்பை விட்டு விலகிய கற்றை

தொழிற்சாலையில் அவருக்கு வேக்குவம் என்று பெயர். இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிப் பற்சக்கரங்களை ஒட்டவைக்கிற மெஷின் அவருடையது. காற்று இருந்தால் எலக்ட்ரான்கள் முட்டிமோதிச் சிதறிவிடும். இல்லாவிட்டால் ஊசிபோல இறங்கி, இரண்டு துண்டுகளின் விளிம்புகளையும் அடிவரை உருக்கி ஒன்றாக்கிவிடும்.

இரும்பை ஒன்றுசேர்த்தவரின் குடும்பம்தான் இரண்டு ஊராகக் கிடந்தது. மனைவிக்கு வேலை மாற்றல். அந்த ஊரிலும் கம்பெனிக்கு ஒரு கிளை உண்டு, இதே மெஷினும் உண்டு. மேனேஜர் மனம் வைத்தால் போய்விடலாம்.

"நல்லா போயிட்டிருக்கற மெஷின்ல எதுக்குப்பா கை மாத்தணும்?" என்பார் மேனேஜர், கேட்கும்போதெல்லாம்.

"உங்க பையன் போனைத்தான் அப்பான்னு நினைச்சுக்கிட்டிருக்கான். நேத்து மத்தியானம் அதுக்குச் சோறு ஊட்டறான்," என்றாள் மனைவி, ஒரு ராத்திரி போனில்.

சிரித்துவைத்தார். நன்றாகப் போகாத மெஷின் ஒன்றை மேனேஜருக்குக் காட்டிவிடுவது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

வழி தெரியும். எஃகில் துளி காந்தம் மிச்சமிருந்தாலும் கற்றை வளையும். அதனால் ஒவ்வொரு துண்டையும் கம்பிச்சுருளுக்குள் விட்டு, காந்தத்தைப் போக்கிய பிறகே பெட்டிக்குள் வைப்பார். மறுநாள் அதை மட்டும் செய்யவில்லை. தடித்த கண்ணாடி வழியே பார்த்தார். வெளிச்சப் புள்ளி இணைப்பின் மேலேயே சமர்த்தாக நகர்ந்தது. வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

முதல் துண்டை அறுத்துச் சோதிப்பது அங்கே வழக்கம். அறுத்தார்கள். இணைப்பில் நுழைந்த கற்றை, உள்ளே போகப் போக விலகி, வேறெங்கோ போய் நின்றிருந்தது. அடிப்பகுதி ஒட்டவே இல்லை.

மேனேஜர் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேக்குவம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முன்ன மாதிரி கை ஓடல சார். வேற யாரையாவது..."

"உன் கையிலேயே இப்படிக் கோணுதுன்னா, இன்னொருத்தன் கையில குடுத்தா என்னாகும்?" மேனேஜர் அவர் தோளில் கைபோட்டார். "பயந்தே போயிட்டேன்ப்பா. மாற்றல் பேச்சையே இனிமே எடுக்காத. நீ இல்லேன்னா இது யாருக்கும் அடங்காது."

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் போகவே போகாது.

அடுத்த துண்டை எடுத்துக் கம்பிச்சுருளுக்குள் மெதுவாக விட்டு எடுத்தார். பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தினார். பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கியது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

மத்தியானம். பையன் சோறு ஊட்டுகிற வேளை.