சத்தமில்லாமல் வெந்த சோறு

பம்ப் ஸ்டவ் என்று ஒன்று இருந்தது. இப்போது சொன்னால் என் பேத்தி, சைக்கிளுக்குக் காற்றடிக்கிறதா என்று கேட்கிறாள். காற்று அடிக்கிறதுதான். அடித்தால் சர்ரென்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி எரியும். அந்தச் சத்தம் வந்தால் அந்த வீட்டில் இன்னும் அரை மணியில் சாப்பாடு என்று தெருவுக்கே தெரிந்துவிடும். இன்னொன்று திரி ஸ்டவ். அது ஊமை. எரிகிறதா அணைந்ததா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. வீடே தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தபோது எங்கள் அப்பா உட்கார்ந்து யோசித்து, இரண்டில் எதைப் பற்றவைக்கலாம் என்று முடிவு செய்தார் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சிரிப்பும் வருகிறது.

தாம்பரத்துக்கு மேற்கே, ஏரிக்குக் கீழ்ப்புறம் எங்கள் வீடு. எண்பதுகளில் அங்கே பாதி வயல், பாதி மனை. வீட்டுக்காரர் கீழே ஒரு போர்ஷனும் மேலே ஒரே ஒரு அறையும் கட்டி, அத்தோடு கை ஓய்ந்து நிறுத்திவிட்டார். மேல் அறையில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, ஒன்பது வயதில் நான், நாலு வயதில் தம்பி. கீழே மீன்காரப் பெரியம்மா. உறவு ஒன்றும் இல்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது. கோவளத்துப் பக்கத்து மீனவக் குடும்பம். விடியும் முன் போய் மீன் எடுத்து வந்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்பார். மீன் இல்லாத நாளில் கருவாடு. அவருக்கு என் வயதில் ஒரு மகள், அவளுக்குக் கீழே இரண்டு பையன்கள்.

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்து ஓடாது. ஆனால் ஒரு வாசனையை முகர்ந்துவிட்டேன் என்றால் ஆயுசுக்கும் மறக்காது. அப்பா எனக்கு நேர் எதிர். பல்லாவரத்தில் தோல் ஷெட்டில் வேலை. பத்து வருஷம் அந்தச் சுண்ணாம்புத் தொட்டியிலும் பச்சைத் தோலிலும் நின்று மூக்கு என்பதே முகத்துக்கு அழகுக்காக வைத்தது என்று ஆகிவிட்டது. பால் திரிந்தால் தெரியாது. துணி கருகினால் தெரியாது. இந்த மனிதர்தான் வாசனையைப் பற்றி எங்களுக்கெல்லாம் சட்டம் போட்டார்.

அந்தக் கார்த்திகையில் மழை நாலு நாள் விடாமல் பெய்து, ஏரி உடைத்துக்கொண்டது. விடியற்காலையில் கண்ணைத் திறந்தால் படிக்கட்டில் பாதி காணோம். பெரியம்மா மூன்று பிள்ளைகளையும், தலையில் கருவாட்டுக் கூடையையும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். அவருடைய அரிசிப் பானை கண்ணெதிரே தெருவில் மிதந்து போயிற்று. அவர் கணவர் கோவளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டார்.

படிக்கட்டு முடிகிற இடத்தில் ஷீட் போட்ட ஒரு சின்ன மறைப்பு இருந்தது. அதன் கீழே உட்கார்ந்தார்கள். அம்மா அறைக் கதவைத் திறந்து கூப்பிடப் போனார். அதற்குள் அப்பா முந்திக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

"இன்னாக்கா பண்றது, உள்ளயும் ஒரே ஒழுகல். அடுப்புகூட நனஞ்சி பூட்ச்சி. எங்களுக்கே ஒண்ணியும் இல்ல. உங்குளுக்கு அந்த எடமே தேவல."

"பரவால்ல தம்பி, நாங்க இங்கயே குந்திக்கிறோம்" என்றார் பெரியம்மா.

உள்ளே கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் கால்வாசிக்கு அரிசி இருந்தது. மண்ணெண்ணெய் ஒரு பாட்டில் இருந்தது. கூரை ஒழுகவே இல்லை.

அம்மா அப்பாவையே பார்த்தார். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னா பாக்கற? தண்ணி எப்ப வடியும்னு எவனுக்குத் தெரியும்? நாலு பேர் துன்றத எட்டு பேர் துன்னா எத்தினி நாளு வரும்? மொதல்ல பொழச்சிக்கலாம். அப்புறமா வாழலாம்."

இது அவருடைய பழைய பேச்சு. தீபாவளிக்குப் புதுத் துணி கேட்டாலும் இதேதான், சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் இதேதான். அந்த அப்புறம் எந்தக் கிழமையில் வரும் என்று அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தார். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது ஊரில் மழையே இல்லாத ஒரு வருஷம், கஞ்சியை ஒளித்துவைத்துக் குடித்துத்தான் உயிரோடு இருந்தாராம். யாருக்குத் தெரியாமல் ஒளித்தீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். பீடியைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விட்டார்.

சரி, ஸ்டவ்வுக்கு வருகிறேன். பம்ப் ஸ்டவ் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். திரி ஸ்டவ்தான் என்றார். அடுத்த சட்டம், தாளிக்கக் கூடாது. கடுகு கிடையாது, வெங்காயம் கிடையாது, ரசம் கிடையாது. வெறும் சோறு, உப்பு. ஜன்னலைச் சாத்து, கதவிடுக்கில் துண்டை அடை.

"சோத்துக்கு மட்டும் வாசன இல்லியா?" என்றார் அம்மா.

"வெறும் சோத்துக்கு இன்னா வாசன? தாளிச்சாதான் வாசன. எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாதுதான். ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது? அம்மா அரிசியைக் களைந்தார்.

இரண்டு நாள் இப்படிச் சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்றா சொல்வது, விழுங்கினோம். தட்டில் கரண்டி படக் கூடாது. தம்பி ஏப்பம் விட்டால் அப்பா அவன் வாயைப் பொத்துவார். நாலு வயதுப் பையன் ஏப்பத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்? முடித்ததும் வாயைத் துடைத்துவிட்டு, வெளியே போகும் முன் அப்பா எங்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார்.

"மூஞ்ச இப்டி வெச்சிகினா நம்புவாங்களா? பசிச்ச மாரி வெச்சிக்க. கொஞ்சம் கண்ண சொருவு."

எனக்கு அது நன்றாக வரும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாகக்கூட இருந்தது. கண்ணைச் செருகிக்கொண்டு போய்ப் பெரியம்மா மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து தண்ணீரில் மிதந்து வருவதையெல்லாம் எண்ணுவேன். தேங்காய், செருப்பு, ஒரு முறை செத்த ஆடு. அவர்கள் மழைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடித்துக்கொண்டு, கருவாட்டைப் பச்சையாகக் கிள்ளி வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தார்கள். சுட நெருப்பில்லை. தொட்டுக்கொள்ளச் சோறில்லை. உள்ளே எங்களுக்கோ சோறு இருந்தது, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. நடுவில் ஒரு கதவு. அதைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது?

மூன்றாம் நாள் மத்தியானம் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏ பாப்பா, இங்க வா. கண்ணே உள்ள போயிட்சே உனுக்கு. இந்தா." என் கையில் ஒரு துண்டு வாளைக் கருவாடு. "தம்பிக்கும் குடு. சப்பிக்கினே இருங்க. கடிச்சி முழுங்கிடாத, தாகம் எடுக்கும்."

என் பசித்த முகம் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

உள்ளே வந்தேன். அப்பா சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா தம்பிக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். சோறு வெந்து இறக்கியிருந்தது. ஸ்டவ்வை இன்னும் அணைக்கவில்லை. மூன்று நாளாக உப்புச் சோறு தின்ற நாக்கு. கையில் வாளைக் கருவாடு. எதிரே நெருப்பு. நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு குடைக் கம்பியில் குத்தி நேராகத் திரிக்கு மேலே காட்டினேன்.

கருவாடு சுடுகிற வாசனைக்குக் கதவாவது துண்டாவது! எண்ணெய் சொட்டித் திரி குபுகுபுவென்று ஏறியது. அறை முழுக்கக் கறுப்புப் புகை. தம்பி இருமினான், அம்மா இருமினார். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாகத் தெரிந்துகொண்டவர் அப்பாதான். அதுவும் வாசனையால் இல்லை, புகை கண்ணில் பட்டு.

"அடியே பேஜாரு புட்ச்சவளே! இன்னாடி பண்ற!" என்று எழுந்து ஈரத் துண்டை ஸ்டவ்வின் மேல் வீசினார். புகை இரண்டு பங்காயிற்று. மூச்சுவிட வழியில்லாமல் அவரே போய்க் கதவைத் திறந்தார். அவரே!

வெளியே பெரியம்மாவும் மூன்று பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தார்கள். புகை விலகியது. தரை நடுவில் மூடி போட்ட சோற்றுப் பானை. அதன் பக்கத்தில் நாலு தட்டு. கடைசிப் பையன் பானையைப் பார்த்து எச்சில் விழுங்கினான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

பெரியம்மா என் கையிலிருந்த கம்பியை வாங்கிப் பார்த்தார். "இப்டியாடி சுடுவாங்க? நேரா காட்டுனா கருவிப் பூடும். ஓட்டு மேல போட்டுத் திருப்பணும். ஒரு ஓடு கீதா?"

அவ்வளவுதான் சொன்னார். சண்டை வரும் என்று காத்திருந்த அப்பாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அம்மா பானையைத் துணி போட்டுத் தூக்கினார். அப்பா குறுக்கே வந்து முனகினார். "தே, அது ரெண்டு நாளிக்கி..."

"பொழச்சதெல்லாம் போதும், நவுருய்யா" என்றார் அம்மா. "இன்னிக்கி சோறு துன்னலாம்."

பானையை வெளியே கொண்டுபோய் ஷீட்டுக்கு அடியில் வைத்தார். திரும்பி வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பம்ப் ஸ்டவ்வை இழுத்துக் காற்றடித்தார். அவர் அடித்த வேகத்தைப் பார்த்து நான் ஒதுங்கிக்கொண்டேன். சர்ரென்று அது எரிந்தபோது தம்பி கை தட்டினான். டின்னில் இருந்த அரிசியில் பெரும்பகுதி உலைக்குப் போயிற்று. பெரியம்மா கருவாட்டை ஓட்டில் வறுத்தார். அம்மா புளி கரைத்து ரசம் வைத்து, கடுகைக் கை நிறைய அள்ளிப் போட்டுத் தாளித்தார். மழைக்குள் எட்டுப் பேர் முட்டி இடிக்க உட்கார்ந்தோம். அப்பா முதலில் வரவில்லை. பெரியம்மாதான், "தம்பி, வாய்யா, ஆறிடப் போவுது" என்று தட்டை நீட்டினார். வந்து உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். தம்பி அன்றைக்கு விட்ட ஏப்பம் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் இருந்ததும் தீர்ந்தது. அதன் பிறகு ஒரு நாள் முழுக்க எல்லோரும் பட்டினி. அப்பா சொன்ன மாதிரியே ஆயிற்று என்று யாராவது சொன்னால் சரிதான், மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பட்டினியில் நாங்கள் எல்லோரும் அறைக்குள் ஒன்றாகப் படுத்து, பெரியம்மா மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவர்களைப் போலப் பேசிக் காட்டச் சிரித்துக்கொண்டிருந்தோம். முகத்தை எப்படியும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கி, ரோட்டில் லாரி வந்து சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது பொட்டலத்தை இல்லை. தண்ணீர் வடிகிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா மகளிடம் பெருமையடித்தேன். "நாங்க மூணு நாளா சோறு துன்னோம், உங்குளுக்குத் தெரியவே இல்லல்ல?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "இன்னா தெரியல? மொத நாளே வாசன வந்துச்சே. சோறு கொதிக்கற வாசன கூடவா தெரியாது? எங்கம்மா எங்க மூணு பேரையும் அந்தாண்ட கூட்டிகினு போயி, தண்ணில இன்னா வருது எண்ணுங்கன்னு சொல்லும்."

"அப்போ ஏன் கேக்கல?"

"நான் கேக்கலாம்னுதான் சொன்னேன். எங்கம்மாதான், கேட்டா அவுங்க இன்னொரு தபா பொய் சொல்லணும், பாவம், வுடுன்னுச்சு."

எனக்கு அதில் ஒன்றும் பெரிதாகப் படவில்லை. கண்ணாமூச்சியில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டும் சொல்லாத மாதிரி இருக்கிறாளே, இவள் என்ன மக்கு என்றுதான் நினைத்தேன். அம்மா அடிப்பிடித்த பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். போய் அப்படியே ஒப்பித்தேன். அம்மாவின் கை நின்றது. பிறகு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். பானை பளபளவென்று ஆன பிறகும் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் சேலையூர், செம்பாக்கம் என்று நாலு வீடு மாறினோம். எந்த வீட்டிலும் சோறு கொதிக்கும்போது அம்மா வாசல் கதவைச் சாத்தியதில்லை. காற்றில் திரி அணையும். நாய் எட்டிப் பார்க்கும். போகிறவர் வருகிறவரெல்லாம் தலையை நீட்டுவார்கள். அம்மா அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுவார், பாதிப் பேர் வந்தும் உட்கார்ந்துவிடுவார்கள், கடைசியில் எனக்குக் குழம்பு இருக்காது. "கதவ மூடித் தொலையேன்" என்று அப்பா கத்துவார், நானும் சேர்ந்து கத்துவேன். அம்மாவுக்குக் காது கேட்காது. அன்றைக்கு என் கருவாட்டால் வந்த புகைக்குப் பயந்துபோய்த்தான் இப்படிச் செய்கிறார் என்று, எனக்குக் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போகிறவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.