புனிதா அக்காவின் மூன்று மணி

புனிதா அக்காவை அதிகம் கிண்டல் செய்தவன் நான்தான். அதனால் இதை நானே சொல்லித் தொலைக்க வேண்டும்.

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் தொட்டி கழுவும் குத்தகை வேலை எங்களுக்கு. நாங்கள் ஆறு பேர் உள்ளே இறங்குவோம். அக்கா தொட்டி வாசலில் ஸ்டூல் போட்டுக் காவல் இருப்பார். உள்ளே போகிறவன் தன் பெயர் அட்டையைப் பலகையில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் எடுக்க வேண்டும். ஓர் அட்டை தொங்கினாலும் அக்கா அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. கழிவறைக்குப் போகக்கூட மாற்று ஆள் வர வேண்டும். பதினோரு வருடமாக இதே வேலை.

ரெம்பியாவிலிருந்து வேலைக்கு வரும் வேனில் போனைக் காதில் வைத்துத் தத்துவ வகுப்பு கேட்பார். உலகில் எதுவும் அசையாத பொருள் இல்லையாம், எல்லாமே நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சியாம். ஒவ்வொரு கணமும் பழையதை எடுத்துக்கொண்டு தன்னைப் புதிதாகச் செய்துகொள்கிறதாம். இதையெல்லாம் பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைப்பார்.

"அக்கா, இந்த நாசி லெமாக் சோறும் நிகழ்ச்சியா லா?" என்றேன் ஒருநாள்.

"ஆமாடா. அதான் மத்தியானத்துக்குள்ள கெட்டுப் போவுது."

வேன் முழுக்கச் சிரிப்பு. ஆனால் அவர் விளையாட்டுக்குப் படிக்கவில்லை. அலோர் காஜாவில் ஒரு கிளினிக் கவுண்டர் வேலைக்கு மனுப் போட்டிருந்தார். புதன்கிழமை மூன்று மணிக்கு இண்டர்வியூ.

"நான் வாட்சர் இல்ல ஷங்கர். வாட்சரா நடந்துக்கிட்டு இருக்கேன். வேற மாதிரியும் நடக்கலாம்ல?" என்றார் என்னிடம்.

புதன்கிழமை ஒரு மணிக்கே தொட்டி வேலை முடிந்தது. எனக்கு ஒரே புழுக்கம். அவசரத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்த தொட்டியின் பின்வாசல் வழியாக வெளியேறி, நேரே கேண்டீனுக்குப் போய்விட்டேன். அட்டை நினைவே இல்லை, மடையன் நான்.

ஐந்து பேர் அட்டையை எடுத்துவிட்டார்கள். என்னுடையது மட்டும் தொங்கியது. அக்கா வாசலில் குனிந்து என் பெயரைக் கத்தியிருக்கிறார். பதில் இல்லை. சைரன் ஒலித்தது, மீட்புக் குழு உள்ளே இறங்கியது. கடைசியில் தே தாரிக் டீ கிளாசோடு என்னைக் கண்டுபிடித்தார்கள். காவல் இருந்தவர் என்பதால் அக்கா விசாரணை முடியும்வரை இருக்க வேண்டியதாயிற்று. அவர் போன் வெளிக்கேட்டில் இருந்தது, உள்ளே கொண்டுவர அனுமதியில்லை. அதை வாங்கி கிளினிக்கை அழைத்தபோது மணி நாலு. ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள்.

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, வேனில் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொல்லப் பார்த்தேன்.

"அடுத்த நிமிஷம் புதுசுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

அக்கா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"புதுசுதான்லா. அதை எதை வெச்சு செய்யறது? இந்தப் பதினோரு வருஷம் உக்காந்ததை வெச்சுத்தானே."