"அரிசி" என்றாள் சவரியம்மா

போன மாதம் கோல சிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். எஸ்டேட் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

காலை பஸ்ஸைப் பிடிக்க கேட்டுக்கு வந்தால்... முள்வேலி ஓரம் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற பெண்களின் வரிசை. அவசரகாலச் சட்டம்தான் உங்களுக்குத் தெரியுமே? ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம்.

பெண்களைத் தடவிச் சோதனை போடுகிற வேலை செல்லம் என்பவளுக்கு. வரிசையில் நின்ற சவரியம்மாவின் இடுப்பில் கை வைத்ததுமே கத்தினாள் — "மடியில என்னமோ கட்டியிருக்கா!"

போலீஸ்காரர் ஓடி வந்தார். "என்னா அது?"

"அரிசி" என்றாள் சவரியம்மா.

வரிசையே திரும்பிப் பார்த்தது. அரிசி என்றால் ஜெயில். தானாகவே ஒப்புக்கொள்கிறாளே, பைத்தியமா? காட்டோரத்து மர நிரையைக் கேட்டு வாங்கித் தனியாக வெட்டுகிறவள் வேறு. சந்தேகப்பட இது போதாதா?

செல்லம் அவளை ஓலைத் தட்டி மறைவுக்குள் கூட்டிப் போனாள். வெளியே வந்தபோது செல்லத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"அரிசி இல்ல லா, வெறும் துணி. பயத்துல உளறிட்டா."

துணிதான். மடித்து மடித்துக் கட்டிய, நனைந்த துணி.

பஸ்ஸை விட்டுவிட்டேன். சாயங்காலம் தொழிலாளர் லயத்துக்குப் போய் அவளைப் பார்த்தேன். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினாள்.

"தலைப்பிரசவம்க்கா. ரெண்டு ராத்திரி வலி. ஊரடங்குன்னு கேட்டைத் தொறக்கல. புள்ள செத்துதான் பொறந்துச்சு. அதுலேருந்து மூத்திரம் நிக்கவே இல்ல... ஒழுகிக்கிட்டே இருக்கு."

வேலை முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. படுக்கை கோணிச் சாக்கு. வாடை தாங்கவில்லை என்று புருஷன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான்.

"அதுக்கு அரிசின்னா சொல்லுவே?"

"அரிசின்னா ஜெயிலோட போச்சு. நெசத்தச் சொன்னா எல்லாரும் மூக்கப் பொத்துவாங்களே!"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஜெயிலுக்குத் தமிழ், மலாய், இங்கிலீஷ் என்று எல்லாவற்றிலும் வார்த்தை வைத்திருக்கிறோம். இதற்கு? 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

டவுனில் தெரிந்த லேடி டாக்டரிடம் கேட்டேன். குழந்தை வெளியே வராமல் தலை அழுத்திக்கொண்டே இருந்தால் மூத்திரப்பை புண்ணாகி ஓட்டை விழுமாம். பாவமும் இல்லை, சாபமும் இல்லை. கோலாலம்பூரில் தைத்துப் பார்க்கலாம் என்றார். கட்டாயம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லவில்லை.

இந்தத் திங்கட்கிழமை அவளைக் கூட்டிப்போகப் போனேன். அதே கேட், அதே வரிசை, அதே போலீஸ்காரர். வேலை நாளில் எங்கே பயணம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சவரியம்மா முந்திக்கொண்டாள்.

"புள்ள பெத்ததுல மூத்திரப்பை ஓட்டையாயிருச்சு. தைக்கப் போறேன்."

வரிசை முழுக்கக் கேட்டது. ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். செல்லம் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

இந்தத் தடவை கேட்டைத் திறந்தார்கள்.