எங்கள் பஸ்ஸில் கிளம்பிய டி.வி.

செல்போன் விற்கிற அந்தப் பெரிய கம்பெனி ஸ்மார்ட் டி.வி. செய்யப் போகிறதா இல்லையா என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த சமயம். பேசியவர்களுக்குப் பொழுது போக வேண்டும். எனக்கு அப்படி இல்லை. நான் என் மகளோடு ஒரே வீட்டில் இருப்பதா, எங்கோ ஹாஸ்டலில் கிடப்பதா என்பது அந்த டி.வி.யில்தான் இருந்தது.

அப்போது எனக்கு ஏர்பேடு பக்கம் பாகங்களைச் சேர்த்து டி.வி. பூட்டுகிற ஃபேக்டரியில் வேலை. பிச்சாட்டூர் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ் விடியும் முன் கிளம்பும், இருட்டியதும் கொண்டுவந்து விடும். நான் டெஸ்டிங்கில் இருந்தேன். பூட்டிய டி.வி. பெல்ட்டில் வந்து முன்னால் நிற்கும். திரை முழுக்கச் சிவப்பு வரும், அப்புறம் பச்சை, நீலம், வெள்ளை. எங்காவது கரும்புள்ளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தப் பெயர்ப் பட்டையை ஒட்டுகிறார்களோ அந்தக் கம்பெனி டி.வி. ஆகிவிடும். உள்ளே எல்லாம் ஒன்றுதான்.

நாங்கள் எல்லோரும் காண்ட்ராக்ட் ஆட்கள். ஆர்டர் குறைந்து ஒரு பெல்ட் சும்மா கிடந்தது. மாதக் கடைசியில் எங்கள் காண்ட்ராக்ட் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று கேட்டால் சூப்பர்வைசர் கூரையைப் பார்ப்பார்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இன்னொரு ஃபேக்டரிக்கு ஆள் சேர்க்கிற ஏஜென்ட் ஒருவர் என் நம்பரை எங்கிருந்தோ வாங்கிக் கூப்பிட்டார். டெஸ்டிங் தெரிந்த ஆள் வேண்டும், ஹாஸ்டல் உண்டு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு என்றார். மகள் இங்கே தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளை அங்கே கூட்டிப்போக வழியில்லை. வீட்டுக்காரர் உன் இஷ்டம் என்றார். எதைக் கேட்டாலும் அவருக்கு அதுதான் பதில்.

அந்த வாரத்தில்தான் ஃபேக்டரிக்கு ஒரு மோல்டு வந்து இறங்கியது. டி.வி.யின் பின்பக்கத்தை வார்க்கிற இரும்பு அச்சு. கறுப்பு பிளாஸ்டிக் சுற்றி, பூட்டின ரூமில் வைத்தார்கள். அடுத்த நாள் கோட்டு போட்ட இரண்டு பேர் வந்து சும்மா கிடந்த பெல்ட்டை டேப் வைத்து அளந்தார்கள். போதாதா? பஸ்ஸில் ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள்.

புத்தூரில் ஏறி என் பக்கத்தில் உட்காருகிறவள் ஒருத்தி. விஜயபுரம் பக்கம், பேக்கிங்கில் வேலை. தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தமிழில் பேசுகிற ஒருவனின் வீடியோக்களை விடாமல் பார்ப்பாள். எந்தக் கம்பெனி என்ன செய்யப் போகிறது என்று ஊகம் சொல்வதுதான் அவன் பிழைப்பு. ஒரு சாயந்திரம் அவன் குனிந்து, ரகசியம் மாதிரி சொன்னான்: நம்பகமான இடத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது, திருப்பதிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் மோல்டு இறங்கிவிட்டது, செல்போன் கம்பெனி டி.வி.க்குள் வருவது உறுதி.

பஸ்ஸே எழுந்து நின்றது. பின் சீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். புது லைன், புது ஆட்கள், இருக்கிற ஆட்கள் பர்மனென்ட் என்று ஒரே கூச்சல். டிரைவர் கூட என்ன என்று கேட்டார்.

இவள் மட்டும் கத்தாமல் என் காதோரம் வந்தாள்.

"யாரு கிட்டயும் சொல்லாத. அந்த நம்பகமான இடம் நான்தான்."

"இன்னாடி சொல்ற?"

"மோல்டு வந்துகீதுன்னு அவனுக்கு கமென்ட்ல எழுதினேன். அதத்தான் படிக்கிறான்."

"அப்ப எல்லாம் புளுகா?"

"நான் மோல்டுன்னு மட்டும்தான் எழுதினேன். கம்பெனி பேரு அவனா சொல்றான். ஒண்ணுந் தெரியாமயா சொல்லுவான்?"

எங்கள் பஸ்ஸில் இருந்து போன பேச்சு தொப்பி போட்டுக்கொண்டு எங்களிடமே திரும்பி வந்திருக்கிறது. போகும்போது சந்தேகமாகப் போனது, வரும்போது உறுதியாக வந்தது. அனுப்பியவளே அதை நம்பினாள். அவள் நம்பியதால் நானும் பாதி நம்பினேன். மறு வாரம் தெலுங்கில் இன்னொருவன் அதையே சொன்னதும் மீதி இருந்த சந்தேகமும் போயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏஜென்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். காலையில் சூப்பர்வைசரைப் பிடித்து, எனக்கு வேலை உண்டா இல்லையா தெரிந்தாக வேண்டும் என்று நின்றேன். ஆபீஸில் கேட்டுவிட்டு இன்றைக்குள் சொல்கிறேன் என்றார். ஃபேக்டரிக்குள் செல்போனை விடமாட்டார்கள், கேட்டிலேயே லாக்கரில் போட வேண்டும். அதனால் வீட்டு நம்பரையும் கொடுத்து வைத்திருந்தேன். அன்றைக்கு முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே என் ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள். என் கொழுந்தனாரின் மனைவி. தை மாதம்தான் கல்யாணமாகி வந்தவள், பூந்தமல்லிப் பக்கம். இங்கே கடைக்குப் போனாலும் தெலுங்கு, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தெலுங்கு என்று மிரண்டு போய், என் மகளிடம் ஒவ்வொரு வார்த்தையாகக் கற்றுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, உங்க சூப்பர்வைசர் ஃபோன் பண்ணாரு. நானே தெலுங்குல பேசிட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"இப்ப அவசரம் இல்லியாம். திரும்ப சொல்றாங்களாம். சரே சார்னு சொல்லி வெச்சுட்டேன்."

அவசரம் இல்லை, திரும்பச் சொல்கிறார்கள். அப்படியென்றால் லைன் வருகிறது, ஆளை வைத்துக்கொள்கிறார்கள், நாள்தான் முடிவாகவில்லை. நான் நின்றபடியே ஏஜென்டைக் கூப்பிட்டு வரவில்லை என்று சொன்னேன். நல்ல இடத்தை விடுகிறாய் என்றார். எங்க ஊர்லயே லைன் வருது என்று அவருக்கே பெருமையாகச் சொன்னேன். மகள் மடியில் வந்து படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கேட்டில் கார்டை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து வைத்தேன். மறுபடியும் சிவப்பு. எனக்குப் பின்னால் பேக்கிங்காரியின் கார்டுக்கும் அதேதான். வாட்ச்மேன் எங்களை ஓரமாக நிற்கச் சொன்னான். ஷிப்டுக்கு நுழைகிறவர்கள் எங்களைப் பார்க்காத மாதிரி போனார்கள். வெகுநேரம் கழித்து சூப்பர்வைசர் வந்தார். கோபப்படவில்லை. எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவருக்கு ஆச்சரியம்.

"இன்டிக்கி ஃபோன் சேசி செப்பா கதம்மா. இப்புடு அவசரம் லேதனி."

வீட்டுக்குப் போன் செய்து சொன்னேனே, இப்போது அவசரம் லேது என்று. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. இப்போது நீ தேவையில்லை, தேவைப்பட்டால் திரும்பச் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். அதுதான் வார்த்தை மாறாமல் வீட்டுக்கு வந்து, தமிழில் எனக்குச் சந்தோஷமாகக் காதில் விழுந்திருக்கிறது. அவர் வாயால் நேரே கேட்டிருந்தால் அந்த நிமிஷமே எனக்குப் புரிந்திருக்கும். பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையிலும் திட்டு வாங்கியவள் நான்.

புது லைன் வருகிறதே என்றேன். யார் சொன்னது என்றார். வீடியோ என்றேன். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னதை என்னால் மறக்க முடியாது.

"நேனு கூடா வீடியோலோனே சூசா."

அவரும் வீடியோவில்தான் பார்த்தாராம். உள்ளே இருப்பவருக்கும் அதற்கு மேல் தெரியாது. அந்த மோல்டு பழைய மாடலுடையது, ரிப்பேருக்குப் போய் வந்தது என்றும், அளந்தவர்கள் பெல்ட்டைப் பிரித்து வேறு ஊருக்கு எடுத்துப்போக வந்தவர்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். பேக்கிங்காரி அங்கேயே சிமென்ட் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். நம்ம விட்ட காத்தாடி நூலு நம்ம கழுத்தயே அறுத்துட்சி பாரு என்றாள்.

வீட்டில் ஓரகத்தியை நிற்கவைத்து, அவர் என்ன சொன்னார், அப்படியே சொல் என்றேன்.

"இப்புடு அவசரம் லேது, மள்ளி செப்தாம்னாரு. சரியாத்தானக்கா சொன்னேன்?"

ஒரு எழுத்து கூடத் தப்பில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. கத்தினேன். அவள் அழுதாள். அதன்பிறகு பல நாள் தெலுங்கே பேசவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் வேலை போவதை, எடுத்தவர் யார் என்று கூடக் கேட்காமல், ஏதோ வீட்டு நம்பரில் சொல்லிவிட்டு வைக்கிறவர்கள்மேல் வந்த கோபம்தான் இன்னும் இருக்கிறது. நேரில் சொல்ல அவர்களுக்கு வாய் இல்லை.

ஏஜென்டைத் திரும்பக் கூப்பிட்டேன். டெஸ்டிங் இடம் போய்விட்டது, பேக்கிங்தான் இருக்கிறது, அதுவும் நாளைக்கே வர வேண்டும், ரொம்ப அவசரம் என்றார்.

"அவசரம்னா தமிழ்லதானே சொல்றீங்க?"

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. வரேன்."

இப்போது ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் இருக்கிறேன். வாரக்கடைசியில் பஸ் பிடித்துப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் திரும்பி வந்தபோது ரூமில் பெண்கள் கும்பலாகப் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே தொப்பி. அந்தக் கம்பெனி டி.வி. இந்த வருடமும் வரவில்லையாம், அடுத்த வருடம் உறுதியாம். உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள் என்றான்.

என் போனை எடுத்து எழுதினேன். அவசரம் லேது.

காலையில் பார்த்தேன். அவன் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தான். கீழே யாரோ, ஆமாங்க, பொறுமையாவே வரட்டும் என்று பதில் எழுதியிருந்தார்கள்.