பட்டியலில் பாவாவின் இடம்

2025 ஜூன் 17, செவ்வாய், காலை ஒன்பது மணி பதினொரு நிமிடம். மெல்பர்னில் எட்டு டிகிரி, நூல் நூலாகத் தூறல். முதியோருக்கான ஆய்வெழுத்து வகுப்பில் அன்று சான்றுப் பட்டியல் போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஊரில் பத்தியின் முதல் வரிதான் சற்று உள்ளே தள்ளித் தொடங்கும். இங்கே முதல் வரி ஓரத்தை ஒட்டி நிற்க, மற்ற வரிகள் அரை அங்குலம் உள்ளே போகவேண்டும். ஜன்னலில் நீர்க்கோடுகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், அந்த வரிகளும் மழைக்கு ஒதுங்கியவர்களாகவே தெரிந்தன. கட்டுரை தேறினால்தான் அடுத்த பருவத்தில் இடம். வாரத்தில் நான் தனியாக வெளியே வருவது இந்த இரண்டு மணி நேரம் மட்டுமே.

என் கட்டுரை, திருத்தணிக் கடைத்தெருவில் தெலுங்கில் விலை கேட்டுத் தமிழில் பேரம் பேசும் எங்கள் வழக்கத்தைப் பற்றியது. பதினான்கு பக்கம், இருபத்திரண்டு அடிக்குறிப்பு, தொலைபேசியில் பேட்டி கண்ட நான்கு பேர். முக்கியமானவர் என் அக்காவின் கணவர் வெங்கடேசலு பாவா, அங்கே பாத்திரக்கடை வைத்திருப்பவர். இன்னொருவர் அவருடைய தம்பி பாபு. பட்டியலில் ஆங்கில அகரவரிசைப்படி தம்பி முதலில், பாவா கடைசியில்.

பத்து வருடத்துக்கு முன் என் மகளின் கல்யாணப் பத்திரிகையிலும் இப்படித்தான் பாபுவின் பெயர் மேலே ஏறிவிட்டது. அரக்கோணம் அச்சகத்தில் ஐந்நூறையும் எண்ணி வாங்கினேன், படிக்கவில்லை. பாவா கல்யாணத்துக்கு வரவில்லை. அக்கா மட்டும் வந்து, சாப்பிடாமல் திரும்பினாள். ஆறு வருடம் பேச்சில்லை.

அன்று மாலை பாவாவை அழைத்தேன். அங்கே மதியம்.

"ஆங், சொல்லுப்பா. இந்த வயசுல இன்னா பரிச்ச எழுதிகினு கீற?"

"முடியப்போவுது பாவா. உங்க பேரும் வருது."

"எங்க வருது? இந்தத் தபாவும் எந் தம்பிக்குக் கீழயா?" சிரித்தார்.

"இங்க எழுத்து வரிசைங்க பாவா. வயசு பாக்க மாட்டாங்க."

"வயசு பாக்காத ஊர்ல போயி எதுக்குத் தல நரைச்சுகினு கீற? செரி, முடிஞ்சா ஒண்ணு அனுப்பு. கடையில மாட்டி வைக்கிறேன்."

"வரிசைய மாத்தி ரெண்டு விதமா அடிங்கப்பா. வகுப்புக்கு ஒண்ணு, மாமாவுக்கு ஒண்ணு," என்றாள் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மகள். யாரிடம் என்ன பெற்றேன் என்று மறைக்காமல் சொல்லத்தான் இந்தப் பட்டியலே; அதில் ஆளுக்கொரு முகம் காட்ட மனம் வரவில்லை. பாவாவை முதலில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஆசிரியை ஹெலன் பட்டியலின் முதல் பெயரில் பேனாவோடு நின்றார். "இவர் பெரிய ஆய்வாளரா?"

"இல்லை. என் அக்காவின் கணவர்."

அவர் முகம் இளகியது. "ஓ... காலமாகிவிட்டாரா?"

"இல்லை. காத்துக்கொண்டிருக்கிறார்."

சிவப்பு மையில் வட்டம் விழுந்தது.

இப்போது ஒரு பிரதி திருத்தணியில், பாத்திரங்களுக்கு நடுவே மாட்டியிருக்கிறது. இன்னொன்று இங்கே என் மேசை இழுப்பறையில். சான்றுப் பட்டியலில் எழுதியவன் பெயர் வருவதில்லை. கண்ணை மூடினால், அந்தத் தாளில் பாவா ஓரத்தை ஒட்டி நிற்கிறார். நானோ கடைக்கும் இந்த ஜன்னலுக்கும் நடுவில் எந்த வரியிலும் சேராமல் நடந்துகொண்டிருக்கிறேன்.

தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். ஐம்பத்தொன்று வந்ததில் வரிசைப் பிழைக்குக் கழித்தது போக நாற்பத்தெட்டு. ஆன செலவு: மூன்று மதிப்பெண்ணும், அடுத்த பருவத்தின் பன்னிரண்டு வகுப்புகளும்.